சின்னவன், கண் திறந்து

போன ஞாயிறு பூசை முடிந்து வேப்பமரத்தடியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நீங்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பிடித்துக்கொண்டீர்கள். "மூணு மாசமா பெரிய கேமரா, பெரிய கேமரான்னு பீத்திக்கிறீங்களே, எடுத்த மொதப் படத்தக் காட்டுங்க பாக்கலாம்" என்று ஒரே கேலி. நான் எதையோ சொல்லி மழுப்பிவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், படம் எடுத்தேன், ஆனால் காட்ட ஒன்றும் இல்லை. ஏன் இல்லை என்று வாயால் சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதி நம் பங்குக் கோயில் வாட்ஸப் குரூப்பில் போடுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் தினமும் அனுப்புகிற குட்மார்னிங் ரோஜாப்பூக்களையெல்லாம் நான் பொறுத்துக்கொள்ளவில்லையா?

முதலில் சாமான்களைச் சொல்லிவிடுகிறேன். "செல்போன்லயே எடுக்கலாமே, இதுல என்ன அதிசயம்" என்று ஒருவர் கேட்டீர்கள் அல்லவா? இது ஒரு மரச்சட்டம். முன்பக்கம் லென்ஸ். பின்பக்கம் மங்கல் கண்ணாடி. நடுவில் நம் கோயில் ஆர்மோனியத்தின் துருத்தி மாதிரி மடிப்பு மடிப்பாகத் தோல். முக்காலியில் நிறுத்தி, தலைமேல் கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டு அந்தக் கண்ணாடியைப் பார்த்தால் எதிரில் இருப்பவர் தலைகீழாகத் தெரிவார். இதில் சுருள் பிலிம் கிடையாது. போஸ்ட்கார்டு அளவில் தனித்தனி ஷீட், ஒரு படத்துக்கு ஒரு ஷீட். அந்த ஷீட்டை இருட்டில் வைத்து ஒரு தட்டையான கூட்டுக்குள் செருக வேண்டும். கூட்டுக்கு இழுத்துத் திறக்கிற தகடு ஒன்று உண்டு. தகட்டின் பிடி ஒருபக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் உள்ளே புது பிலிம். படம் எடுத்ததும் தகட்டைத் திருப்பிக் கறுப்பு வெளியே தெரிகிற மாதிரி செருகிவிட வேண்டும். வெளிச்சத்தில் யாராவது அந்தத் தகட்டை இழுத்துவிட்டால் பிலிம் பாழ். மற்றதையெல்லாம் மறந்துவிடுங்கள், இந்தத் தகட்டை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள்.

இந்தக் கேமராவைக் கண்டால் எனக்குப் பயம். இன்று நேற்றுப் பயமல்ல, ஒன்பது வயதிலிருந்து.

அப்போது நாங்கள் கோயிலுக்குப் பின்தெருவில் குடியிருந்தோம். அப்பாவுக்கு மில்லில் ஷிப்டு வேலை. வீட்டில் அம்மா, நான், நாலு வயதுத் தம்பி, அப்புறம் அப்பாவின் அக்கா. அத்தை கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். தம்பியை வீட்டில் எல்லோரும் சின்னவன் என்றுதான் கூப்பிடுவோம். ஒரு இடத்தில் நிற்கமாட்டான். பூசை நடுவில் பீடம் வரைக்கும் ஓடிப்போய் மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவன் அவன்.

அந்தக் காலத்து அடக்கப் படங்கள் உங்களுக்கு மறந்திருக்காது. யாராவது இறந்துவிட்டால், கல்லறைக்குக் கொண்டுபோவதற்கு முன் சவப்பெட்டியை வாசலில் கொஞ்சம் சாய்த்து வைப்பார்கள். பெட்டிக்கு இரண்டு பக்கமும் வீட்டார் வரிசையாக நிற்பார்கள். ஸ்டுடியோக்காரர் கேமராவையும் முக்காலியையும் ரிக்சாவில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்குவார். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டு எடுப்பார். "எல்லாரும் மூச்சப் புடிச்சுக்குங்க, ஆரும் அசையப்படாது" என்பார். லென்ஸ் மூடியைக் கழற்றி, மூன்று எண்ணி, மூடுவார். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட அந்த மூன்று எண்ணுக்குள் அழுகையை நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது திகிலாக இருக்கும். செத்தவரோடு சேர்ந்து எல்லோரும் ஒரு நிமிஷம் செத்துப்போகிறார்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

கல்யாணப் படத்துக்கு நாம்தான் ஸ்டுடியோவுக்குப் போவோம். சாவுக்குத்தான் கேமரா நம்மைத் தேடி வரும். எங்கள் தெருவுக்குள் அது வேறு எதற்கும் வந்து நான் பார்த்ததில்லை. முதலில் சாமியார் வருவார், பின்னாலேயே கேமரா வரும், அவ்வளவுதான். எங்கள் வீட்டுச் சுவரிலும் திருஇருதயப் படத்துக்குக் கீழே தாத்தாவின் அடக்கப் படம் ஒன்று தொங்கியது. தாத்தாவுக்கு மொத்தத்தில் அந்த ஒரு படம்தான். அவர் உயிரோடு இருந்தபோது கண் எப்படி இருக்கும் என்று நான் கேட்டால் அப்பாவே கொஞ்சம் யோசிப்பார்.

இப்படி இருக்கையில் ஒருநாள் சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தால் எங்கள் வாசலில் அந்த ரிக்சா நிற்கிறது. அந்த முக்காலி இறங்குகிறது. யார் என்று கேட்கவும் பயம். உள்ளே ஓடினால் அம்மா இருக்கிறார், சின்னவன் இருக்கிறான், அப்பா ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். அத்தை மட்டும் முகமெல்லாம் சிரிப்பாக நிற்கிறார்.

ஸ்டுடியோக்காரர் தோளில் மாட்டுகிற சின்னக் கேமரா வாங்கிவிட்டாராம். பழசை அத்தை வாங்கிவிட்டார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம்! நாத்தனாரை நங்கையா என்றுதான் கூப்பிடுவார். "ஏனுங்க நங்கையா, எழவு ஊட்டுக்குப் போயிட்டு வர்ற சாமானத்தப் போயி பச்சப் புள்ளைங்க இருக்கற ஊட்டுக்குள்ள கொண்டாந்துபோட்டீங்களே!" என்றார்.

"அது என்ன பண்ணுச்சு அம்மணி? மரமும் கண்ணாடியும்தான். நான் வரையறதுக்குப் பதிலா இனி இது வரையட்டும்" என்றார் அத்தை.

அத்தைக்கும் ஒன்றும் தெரியாது. ஒரு இங்கிலீஷ் கையேட்டை வைத்துக்கொண்டு தானாகத்தான் தட்டுத்தடுமாறினார். விறகு போட்டுவைக்கிற அறையின் சந்துகளில் கிழிந்த சாக்கை அடைத்து இருட்டாக்கி, உள்ளே உட்கார்ந்து பிலிமைக் கூட்டில் செருகுவார். எந்தப் பக்கம் முன், எந்தப் பக்கம் பின் என்று இருட்டில் விரலால் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முதல் இரண்டு ஷீட்டைத் திருப்பிப் போட்டுப் பாழாக்கினார். மூன்றாவதற்குத் துணைக்கு என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தியதும் என் கையே எனக்குத் தெரியவில்லை. அத்தையின் மூச்சுச் சத்தமும் வினிகர் மாதிரி ஒரு நெடியும் மட்டும் இருந்தன. நான் கதறிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டேன். ஒரு பெட்டி பிலிமில் பாதி போயிற்று. அத்தை அடிக்கவில்லை. "பரவால்ல கண்ணு, போ" என்றார். அப்புறம் என்னைக் கூப்பிடவில்லை.

ஒருதரம் கறுப்புத் துணிக்குள்ளும் தலையை விட்டுப் பார்த்தேன். அம்மா கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் அம்மா காலைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரி தலைகீழாக ஆடினார். வெளியே ஓடிவந்து அம்மாவின் தலையைத் தொட்டுப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

அத்தை தையல் மிஷினை எடுத்தார். மாதா சுரூபத்தை எடுத்தார். முருங்கை மரம் காற்றில் ஆடிக்கொண்டே இருந்ததால் வெறும் புகையாக வந்தது. "இதுக்கு அசையாம இருக்கறதுதான் தோது" என்று அடிக்கடி சொல்லிக்கொள்வார். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை.

ஆடி மாதம் பிறந்து பாலக்காட்டுக் காற்று ஊ ஊ என்று அடிக்கத் தொடங்கியபோது சின்னவனுக்குக் காய்ச்சல் வந்தது. விஷக்காய்ச்சல் என்றார்கள், டைபாய்டு என்றார்கள். கஞ்சித் தண்ணி, மாத்திரை, நெற்றியில் ஈரத்துணி. பத்து நாளாகியும் இறங்கவில்லை. ஓடிக்கொண்டே இருந்த பையன் கட்டிலில் ஒரு துணிமூட்டை மாதிரி கிடந்தான். டாக்டர் வந்துவிட்டுப் போகும்போது அப்பாவையும் அத்தையையும் வாசலுக்குக் கூப்பிட்டுப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலம் சாமியார் வந்து சின்னவன் தலையில் கை வைத்து வெகுநேரம் செபித்துவிட்டுப் போனார்.

நான் கணக்குப் போட்டுவிட்டேன். சாமியார் வந்தாயிற்று. கேமரா ஏற்கெனவே வீட்டிலேயே இருக்கிறது.

மறுநாள் அத்தை அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஓடற புள்ளைய இதுல எடுக்க முடியாது அம்மணி. இப்பத்தான் அசையாமப் படுத்திருக்கான். சனிக்கெழம வெளிச்சம் பாத்து எடுத்துப்போடறேன்." அம்மா வேண்டாம் என்று சொல்வார் என்று நினைத்தேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், ஆனால் சரி என்று தலையாட்டினார். எல்லோரும் சேர்ந்து முடிவு பண்ணிவிட்டார்கள், இனி என் தம்பிக்கு நான் ஒருத்திதான் என்று எனக்குத் தோன்றியது.

"அவன எடுக்க வேண்டாம், எடுக்க வேண்டாம்" என்று அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அம்மா என்ன நினைத்தார் தெரியுமா? "உன்னையும் எடுப்பாங்க கண்ணு. நோவுல கெடக்கற புள்ள மேல போயி பொறாமப்படலாமா?" என்றார். பொறாமை! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

சனிக்கிழமை வந்தது. ஜன்னலை முழுக்கத் திறந்து, சின்னவனைத் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தார்கள். கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பெரிதாக இருந்தது. அத்தை துணிக்குள் புகுந்து கண்ணாடியைப் பார்த்தார். கூட்டைச் செருகினார். தகட்டை உருவினார். "சின்னவனே, ஜன்னலப் பாரு சாமி. கண்ண மூடிப்போடாத. மூச்சப் புடிச்சுக்க, மூணு எண்ணறேன்" என்றார்.

மூடியைக் கழற்றி ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி மூடினார். அப்புறம் தகட்டைத் திருப்பிச் செருகுகிற அவசரத்தில் போதும் என்று சொல்ல மறந்துவிட்டார். சின்னவன் சொன்ன சொல் கேட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்தான். உதடு நீலம் பாரித்தது. கண் மேலே செருகியது. நான்தான் "செத்துப்போறான், செத்துப்போறான்" என்று கத்தினேன். அம்மா ஓடிவந்து முதுகைத் தட்டினார். இருமி இருமி அவனுக்கு மூச்சு திரும்ப வந்தது. வந்த கோபத்தில் அம்மா என்னை ஓங்கி ஓர் அறை விட்டார், அபசகுனமாகக் கத்தினேனாம்.

எல்லோரும் அவனைச் சுற்றி நின்றார்கள். கூடு மேசைமேல் இருந்தது. கறுப்புப் பிடி வெளியே தெரிந்தது.

அதை எடுத்துப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு கொல்லைக்கு ஓடினேன். கிணற்றடியில் சாரல் அடித்துக்கொண்டிருந்தது. உள்ளே சின்னவனை அடைத்துவைத்திருக்கிறார்கள், திறந்துவிட்டால் போய்விடுவான், இதுதான் என் புத்தியில் ஓடியது. தகட்டை முழுக்க இழுத்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு வழவழப்பான அட்டை. அதில் சின்னவன் இல்லை, ஒன்றுமே இல்லை. அது இன்னும் பயமாகிவிட்டது. எவ்வளவு நேரம் திறந்துவைக்க வேண்டும் என்று தெரியாமல், மாதாவை நினைத்து ஒரு அருள்நிறை மந்திரம் முழுசாகச் சொல்லிமுடித்தேன். அப்புறம் பாவாடையால் துடைத்து, கறுப்பு வெளியே தெரிகிற மாதிரியே செருகி, கொண்டுவந்து மேசைமேல் வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் சின்னவனுக்கு வேர்த்துக் கொட்டிக் காய்ச்சல் இறங்கியது. மூன்றாம் நாள் இட்லி கேட்டான். மாத்திரை கேட்டதா, காய்ச்சலுக்கு அதுதான் கெடுவா, டாக்டர் என்னவோ சொன்னார். எனக்குத்தான் தெரியுமே யார் காப்பாற்றியது என்று!

அத்தை பிலிமைக் கழுவினார். முழுக்க முழுக்கக் கறுப்பு. ஜன்னல் பக்கம் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எங்கியோ வெளிச்சம் பூந்துபோச்சு. துருத்தில ஓட்ட போல. இல்ல, என் கைதான் சரியில்ல" என்றார். சின்னவன் பிழைத்துவிட்ட சந்தோஷத்தில் அப்பாவுக்கு எல்லாமே வேடிக்கை. "அக்கா, உங்களுக்கு அந்தக் கறுப்புத் துணி ஒண்ணுதான் மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தார். அந்த வாரமே கேமராவைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றிவிட்டார். அதற்கப்புறம் அவர் ஒரு படமும் எடுக்கவில்லை. யாராவது கேட்டால் "எனக்குக் கை வரலீங்க" என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். முதலில் அடிக்குப் பயம். பிறகு எதற்குப் பயம் என்று தெரியாமலே பயம். வருஷங்கள் ஓடிப்போயின.

போன வருஷம் அத்தை இறந்தது உங்களுக்குத் தெரியும், அடக்கத்துக்கு எல்லோரும் வந்திருந்தீர்கள். டிரங்குப் பெட்டி என்னிடம் வந்தது. துருத்தியைக் கரப்பான் தின்றிருந்தது. லென்ஸில் பூஞ்சை. அடியில் அந்த இங்கிலீஷ் கையேடு. கடைசிப் பக்கத்தில் பென்சிலால் அத்தையின் அழகான கையெழுத்தில் ஒரு பட்டியல், எடுத்த படங்களை வரிசையாக எழுதியிருந்தார். தையல் மிஷின், மாதா, முருங்கை, அப்படியே போய் ஏழாவது வரியில் இப்படி இருந்தது: "சின்னவன். கண் திறந்து."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. டாக்டர் வாசலில் என்ன சொன்னார் என்றும், அம்மா ஏன் அழுதுகொண்டே தலையாட்டினார் என்றும். தாத்தாவைப் போல அவனுக்கும் ஒரே ஒரு படம், அதுவும் கண்மூடிய படமாக மிஞ்சிவிடக்கூடாது என்று அத்தை பதறியிருக்கிறார். அதைத்தான் நான் கிணற்றடியில் இழுத்து விட்டேன். கை வரவில்லை என்று அவர் சொல்லிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அத்தனை வருஷத்தில் ஒரே ஒரு வார்த்தை.

அதனால்தான் இந்த வயதில் இந்தக் கேமரா. பெங்களூரில் ஒருவரிடம் விசாரித்து வாங்கினேன். இருட்டறைக்குள் போக இன்றும் எனக்குத் தைரியம் கிடையாது. கை மட்டும் நுழைகிற கறுப்புப் பை ஒன்று விற்கிறது, அதற்குள் கையை விட்டுத்தான் பிலிமைச் செருகுகிறேன். இரண்டு மாதம் வெறும் கூட்டை வைத்தே பழகினேன். முதல் ஷீட் சின்னவனுக்கு என்று வைத்திருந்தேன்.

இந்த நேரம் பார்த்துத்தான் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றுவிட்டார்கள். ஐம்பத்தெட்டு வயது, தலையெல்லாம் நரை, வீட்டில் இன்னும் சின்னவன்தான். "ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னால ஒண்ணு எடுத்துப்போடக்கா. மாலை போடறதுக்கு நல்லதா ஒண்ணு வேணுமல்லோ" என்று போனில் சிரித்தான்.

போன சனிக்கிழமை அவன் வீட்டு மாடிக்குப் போனேன். நாற்காலியில் உட்காரவைத்துத் துணிக்குள் புகுந்தேன். கண்ணாடியில் அவன் தலைகீழாக உட்கார்ந்திருந்தான்.

"அக்கா, மூச்சப் புடிக்கோணுமா?"

"வேண்டாம்! நல்லா மூச்சு உடு" என்று கத்தினேன்.

எடுத்தேன். தகட்டைத் திருப்பிச் செருகினேன். கறுப்பு வெளியே தெரிந்தது. அப்படியே படியில் உட்கார்ந்து, கூட்டை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அவனிடம் சொல்லிவிட்டேன். அவனுக்கு அந்தக் காய்ச்சலே ஞாபகமில்லை. பெரிதாகச் சிரிப்பான், ஊரெல்லாம் சொல்லிக் கேலி பண்ணுவான் என்று நினைத்தேன். அவன் என் மடியிலிருந்த கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கீழே தெருவில் ஒரு வண்டிக்காரர் கீரை விற்றுக்கொண்டு போனார்.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். "அக்கா, இந்தத் தடவையும் அத இழுத்து உட்டுப்போடு."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கன்னம் ஒட்டவில்லையே தவிர, அதே பெரிய கண்.

வெளிச்சம் என்றால் என்ன, பிலிம் என்றால் என்ன என்று புத்தகம் புத்தகமாகப் படித்தவள் நான். நீங்கள் சொல்லப்போவதெல்லாம் எனக்கும் தெரியும். தகட்டை முழுக்க இழுத்தேன். நல்ல வெயில். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு அருள்நிறை மந்திரம் முழுசாகச் சொல்லி முடித்தோம். பாதியில் அவனுக்கு வார்த்தை மறந்துவிட்டது, நான் எடுத்துக்கொடுத்தேன்.

அதனால் படம் இல்லை. இனி கேலி பண்ணுகிறவர்கள் பண்ணிக்கொள்ளுங்கள். புதன்கிழமை காலை ஏழரைக்கு அவனை உள்ளே கொண்டுபோகிறார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிறவர்கள் ஒரு மந்திரம் சொல்லுங்கள். பெட்டியில் இன்னும் இருபத்துநாலு ஷீட் இருக்கிறது. அத்தையின் பட்டியலில் எட்டாவது வரியைக் காலியாக விட்டுவைத்திருக்கிறேன்.